வடிகுழாய்

மூன்று பெட்டிகள் வரைந்தேன் திரையில்.
இலவசம், மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா.
நடுப்பெட்டிக்கு மட்டும் ஆரஞ்சு நிறம்,
நெற்றியில் ஒரு பட்டை:
"பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது".

மிர்த்தா எச்செவெரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள்.
"யார் அந்தப் பெரும்பாலானோர்?
தளம் நாளைக்குத்தானே திறக்கிறது?"

மான்டெவிடியோவில் ஜூலை.
ஆற்றுக்காற்று ஜன்னல் சட்டத்தைப் பிடித்து ஆட்டுகிறது.
அவள் பட்டறையில் ஐந்து சலவை இயந்திரங்கள்
முதுகு திறந்து நிற்கின்றன,
ஊசிக்குக் காத்திருப்பவர்களைப் போல.

முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போனவள்.
இப்போது முழங்கால் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது.
அதனால் பாடம். இருபத்திரண்டு காணொளிகள்,
மருமகன் கைபேசியில் எடுத்தவை.
எட்டாவதில் அவன் கட்டைவிரலும் நடித்திருக்கிறது.

மாதம் முந்நூற்றுத் தொண்ணூறு பேசோ என்றேன்.
"ஏன் நானூறு இல்லை?"
பத்து குறைந்தால் மனசு ஏமாறும் என்றேன்.
"என் மனசு ஏமாறவில்லையே" என்று மாத்தேயை உறிஞ்சினாள்.
ஆற்றில் கொட்டினாலும் அளந்து கொட்டுகிறவள்.
நானூறு என்றே எழுதினேன்.

வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பெயர் வைக்கலாமா?
"ஓட்டப்பந்தயமா நடத்துகிறோம்?"
அவள் வைத்த பெயர்கள்: வடிகட்டி, பெல்ட், பேரிங்.
வடிகட்டி இலவசம்.
"பாதி வீடுகளில் கோளாறே அதுதான்.
ஒரு காலுறை, ஒரு நாணயம்,
அதற்குப் போய்க் காசு வாங்குவதா?"

இனி வருவது என் தொழில் ரகசியம்.
சந்தாவை ரத்து செய்யும் பொத்தானைச்
சாம்பல் நிறத்தில், பக்கத்தின் அடியில்,
மூன்று கேள்விகளுக்குப் பின்னால் வைப்போம்.
போக வந்தவர் களைத்து இருந்துவிடுவார்.
யோகா, கிட்டார், பங்குச்சந்தை,
பொசிட்டோஸில் ஒரு நாய்ப் பயிற்சியாளர்,
எல்லோருக்கும் இப்படித்தான் செய்து கொடுத்தேன்.
நன்றி சொன்னார்கள்.

அவள் எழுந்து ஓர் இயந்திரத்தின் பின்னாலிருந்து
சாம்பல் நிறக் குழாயை உருவினாள்.
"இதை மடக்கிக் கட்டினால் என்ன ஆகும், ஃபாபியான்?"
நான் வாயைத் திறக்கவில்லை.
"அழுக்குத் தண்ணீர் உள்ளேயே நிற்கும்.
பிறகு ஒருநாள் கீழ்வீட்டுக் கூரை."

அதோடு விடவில்லை.
"பெல்ட் மாட்டக் கற்றவள்
மாதாமாதம் என்னிடம் ஏன் வரவேண்டும்?
வந்தால் நான் சரியாகச் சொல்லித் தரவில்லை."
அப்படியானால் சந்தா எதற்கு என்றேன்.

நெடுநேரம் பதில் இல்லை.
மூலையில் ஒன்று சோதனை ஓட்டத்தில்
முனகி, நின்று, மறுபக்கம் சுற்றத் தொடங்கியது.
"வாடகையையும் மாதத்துக்குத்தான் கேட்கிறார்கள்" என்றாள்,
குழாயைத் திரும்ப மாட்டிக்கொண்டே.
"ஆண்டுப் பெட்டியை மட்டும் அழித்துவிடு.
பேரிங்கையும் பெல்ட்டுக்குள் சேர்.
அழுக்குத்துணியோடு யார் ஒரு வருடம் காத்திருப்பார்கள்?"

பட்டையைக் கழற்றினேன்.
பொத்தானைப் பெரிதாக்கினேன்.

செப்டம்பரில் அறுபத்தேழு பேர்.
அக்டோபரில் நாற்பது.
முதலில் போனவள் பைசாண்டுவிலிருந்து, நெலிடா.
காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்:
"சுற்றுகிறது."
மிர்த்தா தொலைபேசியில் அதை இரண்டு முறை வாசித்தாள்.
வாடகைக்குக் கடன் வாங்கியதை மருமகன்தான் சொன்னான்.

பட்டியலில் இன்னும் ஒரு பெயர் இருக்கிறது: சோதனை ஒன்று.
ஜூலையில் என் அட்டையைக் கொடுத்து நான் திறந்த கணக்கு.
மாதம் நானூறு போகிறது.
பொத்தான் தெரியவில்லை என்று சொல்ல முடியாது.

என் வீட்டு இயந்திரம் சுழலும்போது நடக்கிறது.
குளியலறையில் கிளம்பிக் கதவு வரை வந்துவிடுகிறது.
நேற்றிரவு பதினோராம் பாடம் பார்த்தேன்.
நான்கு கால்களில் ஒன்றைத் திருகவேண்டுமாம்.
எந்தக் கால் என்று
பன்னிரண்டாவதில் சொல்கிறாள்.